துணி கட்டிய வெள்ளரிக்காய்

"என் பொண்ணுக்குன்னு கட்டின துணி அது! அத அவுக்கறதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? சொல்லுங்க, யாரு குடுத்தா?"

"கத்தாதீங்க அண்ணே. கீழ வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும்! எல்லாரும் மாடிக்கு வரட்டும். டெய்லரம்மா கையில என்ன இருக்குன்னு வந்து பாக்கட்டும்!"

கட்டடத்தை அப்படி வருந்தி அழைக்க வேண்டியதே இல்லை. டிரைவரின் குரல் பேருந்து இன்ஜினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஓய்வு பெற்று வந்த பிறகும் அதன் கியர் குறையவில்லை. மொட்டை மாடிக்கு ஏறும் கடைசிப் படியில் இரண்டாம் மாடி ரேடியோ ஏற்கெனவே வந்து நின்றாயிற்று. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். துணி உலர்த்த வந்தவள்போலக் கையில் வாளி வைத்திருந்தாள். வாளி காலி.

டெய்லரம்மாவின் வலது கையில் ஒரு வெள்ளரிக்காய், இடது கையில் சிவப்பு லைனிங் துணியில் கிழித்த ஒரு நாடா. கையும் களவுமாக என்று சொல்வார்களே, அதைப் படம் வரைந்து மாட்டியதுபோல நின்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த டிரைவரின் முழங்காலெல்லாம் பாசி. காலை நடைக்குப் போவதாகச் சொல்லிச் செருப்புச் சத்தத்தோடு படியிறங்கி, சத்தமில்லாமல் திரும்ப ஏறி வந்து, பெரிய மனிதர் அங்கே குந்தியிருந்திருக்கிறார். துப்புக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. வாளியோடு நிற்பவளின் முகம் அத்தனை சாதுவாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டெய்லரம்மாவும் டிரைவரும் மூன்றாம் மாடியில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பொதுச் சுவர், காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது; இவருடைய மனைவியும் அப்படியே. இவர் மகள் தனக்குப் பிடித்தவனைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள், இவர் போகவில்லை. 'வண்டி எடுக்கணும், லீவு இல்லை' என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வாராந்திர ஓய்வு நாள் என்பது கட்டடம் முழுவதற்கும் தெரியும். அதற்கப்புறம் மகளும் அப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் மனிதருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, ஓட்டைத் தொட்டி என்று கண்டதையும் மாடிக்கு ஏற்றி மண் நிரப்பி, வெண்டை, பீன்ஸ், கத்தரி, ஓரமாகக் கயிற்று வலை கட்டி வெள்ளரி என்று ஆரம்பித்தார்.

ஒருநாள் மகளிடமிருந்து போன் வந்தது. எதற்கு வந்தது என்று சுவருக்கு இந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஐந்து நிமிஷம் இருவரும் "ம்", "சரி" என்றே பேசிவிட்டு, பிறகு டிரைவர் "மாடில வெள்ளரி போட்டிருக்கேன்" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து அரைமணி நேரம் பேசினார்கள். எத்தனை இலை, என்ன பூ, எறும்பு வருகிறதா, எறும்புக்கு என்ன செய்வது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மருமகனைப் பற்றி அரை வார்த்தை இல்லை. போனை வைக்கும்போது அந்தப் பெண், "காய் வரட்டும்பா. நானே வந்து பறிக்கிறேன்" என்றிருக்கிறாள். ஒரு பேச்சுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். டிரைவர் அதை அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டெய்லரம்மாவின் வாசலில் வந்து நின்று, "கிழிசல் துணி ஏதாவது இருந்தா குடுங்கம்மா, கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியற கலர்ல" என்று கேட்டார். அவள் தன் கையால் கிழித்துக் கொடுத்த சிவப்பு நாடாக்கள்தான் அவை. செடிக்கு ஒன்றாக, வெள்ளரிக்கு நாலைந்தாக, முதலில் வந்த காய்களின் காம்பில் கட்டினார். துணி கட்டிய காய் மகளுக்கு. யாரும் தொடக் கூடாது, அவர் உட்பட. துணி கட்டாத மற்றதையும் அவர் தொடவில்லை. 'அவ வர்றப்ப செடி நெறஞ்சு தொங்கணும்' என்பது அவர் கணக்கு.

டெய்லரம்மாவுக்கு அப்போதே இது சரிப்படாது என்று தெரிந்தது. அவளும் முன்னொரு காலத்தில் ஜன்னலோரம் வெண்டை வைத்துப் பார்த்தவள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் நெருக்கடியில் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டாள். திரும்பப் பார்த்தபோது காயெல்லாம் குச்சி மாதிரி விறைத்து முற்றி நின்றது, அதோடு செடி பூப்பதையும் நிறுத்திவிட்டது. எத்தனை தண்ணீர் ஊற்றியும் அசையவில்லை. விதை முற்றிவிட்டால் செடி தன் கடமை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பிஞ்சிலேயே பறித்துக்கொண்டே இருந்தால், ஐயையோ இன்னும் ஒன்றும் சேரவில்லையே என்று பதறிப் பதறிப் பூக்கிறது. இதை அவள் டிரைவரிடம் சொல்லாமலும் இல்லை.

"பறிக்கப் பறிக்கத்தான் அண்ணே காய்க்கும். விட்டுவெச்சா நின்னுரும்."

"ஏம்மா, நான் ஸ்டாண்டுல காத்துக்கிடந்த நேரத்த மட்டும் கூட்டினா ஒரு ஆயுசு வரும். எனக்கே காத்திருக்கக் கத்துக் குடுக்கறீங்களா?"

செடிக்கு அந்தப் பயிற்சி இல்லையே என்று அவள் வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

மகள் அடுத்த வாரம் என்றாள். அப்புறம் அதற்கடுத்த வாரம் என்றாள். ஒவ்வொரு தடவையும் டிரைவர் போன் பண்ணுவதற்கு முன்னால் தனியாகப் பேசி ஒத்திகை பார்ப்பது சுவர் வழியாகக் கேட்கும். "பீன்ஸ் நல்லா வந்திருக்கும்மா... பீன்ஸ் இப்ப ரொம்ப நல்லா வந்திருக்கும்மா..." என்று ஒரே வரியைப் பல விதமாகச் சொல்லிப் பார்ப்பார். தையல் இயந்திரத்தின் மிதிபலகையில் வைத்த காலை நிறுத்தி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒட்டுக் கேட்பது என்று அதைச் சொல்லக் கூடாது, சுவர் அப்படி. ஒருநாள் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு மகளிடம் பேச உலகத்தில் வேறு ஒரு விஷயமும் கிடையாது. கொடி காய்ந்தால் அன்றைக்கே போனும் காய்ந்துவிடும். அப்புறம் இன்னும் எத்தனை வருஷம் "ம்", "சரி"யோ.

அதனால்தான் அவள் அந்தக் காரியத்தை ஆரம்பித்தாள். லைனிங் துணியைத் தைப்பதற்கு முன் நனைத்து உலர்த்தாவிட்டால், முதல் சலவையிலேயே சுருங்கி மானத்தை வாங்கிவிடும். அதனால் தினமும் காலையில் அவள் மாடிக்குப் போவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. டிரைவர் நடை, டீ, பேப்பர் முடித்துத் திரும்புவதற்குள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, சிவப்பு நாடா கட்டிய காயோடு, முற்றத் தொடங்கிய மற்றதையும் பறிப்பாள். அதே நாடாவைப் பக்கத்தில் இருக்கும் சின்னக் காயின் காம்பில், அவர் போடும் அதே கோணல் முடிச்சோடு கட்டிவிடுவாள். தையல்காரிக்கு முடிச்சு பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்? கூடவே அடியில் பழுத்த இலைகளைக் கிள்ளுவாள். வெயில் ஏறுமுன் வேரில் தண்ணீர் விட்டு, மண் தெரியாமல் சருகு பரப்புவாள். பீன்ஸ் ஒரு தொட்டியில் ஓயத் தொடங்கும்போது இன்னொரு தொட்டியில் முளைத்து நிற்கும்படி நாலு விதையை முன்கூட்டியே ஊன்றிவிடுவாள்.

விளைவு, டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. துணி கட்டிய வெள்ளரிக்காய் வாரக்கணக்கில் அதே பச்சை, அதே இளசு. முற்றுவதே இல்லை! கீழ்வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். தெருமுனை மருந்துக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து பார்த்துவிட்டு, "விதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். "விதையில என்னங்க இருக்கு?" என்றார் டிரைவர். "என் பொண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு அது. உசுரு இருக்குல்ல, அதுக்குத் தெரியாதா?" மகளிடமும் போனில் அதையே சொன்னார், ஒத்திகை பார்க்காமல் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாளாம். சுவருக்கு இந்தப் பக்கம் டெய்லரம்மா ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பறித்த காயை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் வந்தது. ஒற்றை ஆளாக எத்தனை வெள்ளரியைத் தின்ன முடியும்? தைத்து முடித்த துணிகளோடு பையில் ஒன்றிரண்டு போட்டுக் கொடுத்தாள். கவுன் வாங்கப் போனால் காய் கிடைக்கிறது என்று கட்டடத்தில் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டார்கள். ரேடியோ தன் புருஷனின் கால்சட்டையை இடுப்பு தளர்த்தக் கொடுத்திருந்தாள். திரும்பி வந்த பையில் ஒரு வெள்ளரி, அதன் காம்பில் சிவப்பாக ஓர் இழை. மற்றவர்களாக இருந்தால் கழுவிச் சாப்பிட்டிருப்பார்கள். அவள் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

இப்போது மாடிக்கு வருவோம். டிரைவர் கத்திக் கத்தி ஓய்ந்திருந்தார். திருட்டு என்றார், நம்பிக்கைத் துரோகம் என்றார், போலீஸ் என்றுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டெய்லரம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், ஆரம்பம் முதல். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. கொடியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த காயைப் பார்த்தார்.

"அப்ப... அது காத்துக்கிட்டு இல்லையா?"

அவள் சிவப்பு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ரேடியோவே அந்தக் கணம் தலையைத் திருப்பிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. லைனிங் துணிகள் பால்கனிக் கம்பியில் காய்ந்தன. டெய்லரம்மா தன் பாட்டுக்கு மிதித்தாள், தைத்தாள், பட்டன் வைத்தாள். ஆனால் மனசு மாடியில்தான் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெரிய காய் மணிக்கட்டுத் தடிமன் ஆகியிருக்கும். இன்றைக்கு வெண்டை ஒடியாது, வளையும். இன்றைக்குப் பீன்ஸ் நெற்றாகிக் குலுங்கும். பூட்டிய கதவுக்கு அப்பால் நடப்பதெல்லாம் அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. டிரைவர் தினமும் ஏறிப்போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். எதிலிருந்து காத்தாரோ. காய்கள் மஞ்சளாகிப் பருத்துத் தொங்கின, இலை சுருண்டது, ஒரு காலையில் பார்த்தால் ஒரு பூவும் இல்லை. போனில் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார். அதை ஒரே விதமாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் பார்த்து மகள் போன் செய்து, மாதக் கடைசியில் கண்டிப்பாக வருகிறோம் என்றாள். "றோம்" என்றது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்தது.

மறுநாள் மதியம் டிரைவர் டெய்லரம்மாவின் முன்னறையில் வந்து நின்றார். தைக்கக் கொடுக்க ஒரு பழைய சட்டையைச் சாக்காகக் கையில் வைத்திருந்தார். சட்டையில் கிழிசலே இல்லை.

"செடி மறுபடி காய்க்குமா?" என்று சட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"பாக்காம எப்படிச் சொல்றது? சாவியக் குடுங்க."

"நானும் வரேன்."

மாடியில் ஒரு சுற்று சுற்றி வந்தவள், "முத்தினது பூரா வெட்டணும். ஒண்ணு விடாம" என்றாள்.

"துணி கட்டினதுமா?"

"அத மொதல்ல."

அவர் கையை நீட்டினார், மடக்கினார். பிறகு, "நீங்களே..." என்று இழுத்தார்.

"நான் வெட்டினா மறுபடியும் திருடின்னுவீங்க. நீங்கதான் வெட்டணும்." இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். தையல் தெரிந்தவர்களுக்குப் புரியும்: துணி வெட்டும் கத்தரியில் ஒரு காகிதத்தைக்கூட வெட்ட விடமாட்டார்கள், முனை மழுங்கிவிடும். ரேடியோவின் மகள் ஒருமுறை கோந்து ஒட்டிய அட்டையை வெட்டுவதற்குக் கேட்டபோது டெய்லரம்மா முறைத்த முறைப்பில் அந்தப் பெண் பல நாள் மூன்றாம் மாடிப் பக்கமே வரவில்லை. அந்தக் கத்தரியால் டிரைவர் வெள்ளரிக் காம்பை வெட்டினார். இந்தத் தடவை ரேடியோவின் வாளியில் நிஜமாகவே துணி இருந்தது. உலர்த்தத்தான் மறந்துவிட்டாள்.

அதன்பின் இருவரும் தினமும் ஏறினார்கள். காய்ந்த கொடி நுனிகளை நறுக்கினார்கள். காய்கறித் தோல் மக்கிய மண்ணைத் தொட்டிக்குத் தொட்டி போட்டார்கள். மாலையில் ஒரு தண்ணீர், காலையில் ஒரு தண்ணீர். வெண்டையை அவள் பாதியாக வெட்டியபோது டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் புதுத் துளிர் வந்தபோது குழந்தை பல் முளைத்ததைச் சொல்வதுபோல வீடு வீடாகச் சொன்னார். இதற்கு நடுவில் எப்போதோ அவள் "அண்ணே"யை விட்டுவிட்டாள். "இந்தாங்க", "அங்க பாருங்க" என்பதோடு சரி. அதைக் கட்டடம் கவனிக்காமல் இருக்குமா?

மாதக் கடைசி வந்தது. மகளோடு மருமகனும் வந்தான். உயரமாக, ஒல்லியாக, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாத பிள்ளை. டிரைவர் அவனுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார், அவன் தலைக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்து "பிரயாணம் சௌகரியமா?" என்று விசாரித்தார். பிறகு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும். அன்றைக்கென்று கட்டடத்தில் அத்தனை பேருக்கும் உலர்த்தத் துணி இருந்தது.

கொடி பச்சை பிடித்திருந்தது, மஞ்சள் பூக்கள் திறந்திருந்தன. ஆனால் காய் என்று பார்த்தால் விரல் நீளத்தில், நுனியில் பூ உதிராத பிஞ்சுகள் இரண்டோ மூன்றோ. டிரைவர், "நெறைய இருந்துச்சும்மா... இப்பதான் மறுபடி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மகள் குனிந்து பிஞ்சைப் பார்த்தாள். தொடவில்லை. இவரும் தொடவில்லை. இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சியில் நிற்பதுபோல நின்றார்கள். டெய்லரம்மா தொட்டியோரம் நின்று, வாயைத் திற பெண்ணே, யாராவது ஏதாவது பேசுங்களேன் என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தாள்.

கறுக் என்று ஒரு சத்தம் கேட்டது.

வலைக்கு அந்தப் பக்கம், யாரும் பேச்சுக்கொடுக்காமல் விடப்பட்ட மருமகன், கைக்கு எட்டிய பிஞ்சைப் பறித்து வாயில் போட்டிருந்தான். அத்தனை கண்களும் தன்மேல் திரும்பியதும் மெல்லுவதை நிறுத்தினான். அவன் உதட்டோரத்தில் பூவின் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்றீங்க!" என்றாள் மகள், அழாத குறையாக.

"சாரி... பக்கத்துல இருந்துச்சு."

படிக்கட்டில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். டிரைவர் முதல்முறையாக அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தார். நிதானமாக, எதிரே வரும் வண்டியை அளப்பதுபோலப் பார்த்தார். டெய்லரம்மாவின் கை தானாக இடுப்பிலிருந்த கத்தரியைப் பிடித்துக்கொண்டது.

"கசக்குதா?" என்றார்.

"இல்ல மாமா. நல்லா இருக்கு."

"ம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இலைக்கு அடியில இன்னொண்ணு இருக்கு, பாருங்க. அங்க இல்ல, இந்தப் பக்கம். பறிங்க மாப்பிள்ளை, பறிச்சாத்தான் அடுத்தது வரும்."

மகள் சட்டென்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "முத்தாத காய்னு சொன்னீங்களேப்பா, அது எது?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இவங்க வேலை" என்று டிரைவர் டெய்லரம்மாவைக் காட்டினார்.

மகள் அவளை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தாள். மாமியார்கள் மருமகளைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அதற்கப்புறம் அந்த வருஷம் குளிர் வரும்வரை மாடியில் காய் ஓயவில்லை. டிரைவர் விரல் நீளத்துக்கு மேல் எதையும் வளர விடுவதில்லை. மகளும் மருமகனும் வேலை மாறி இன்னும் தூரத்து ஊருக்குப் போனார்கள். போன் வருவது குறையவில்லை, பாதி நேரம் பேசுவது மருமகன். ரேடியோவின் மகளுக்குக் கல்யாணமாகி, புருஷனோடு இதே கட்டடத்தின் முதல் மாடிக்குக் குடிவந்தாள். சேதி இப்போது இரண்டு பக்கமும் ஓடுகிறது. மருந்துக் கடைக்காரர் அன்றைக்கு வெட்டிப்போட்ட முற்றல் காயின் விதையைக் கேட்டு வாங்கிப்போய்ப் போட்டு, காயை முற்றவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிரைவரும் டெய்லரம்மாவும் பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்தார்கள் என்றும், சாட்சிக் கையெழுத்து மாப்பிள்ளை போட்டார் என்றும் ஒரு பேச்சு. நேரில் பார்த்தவர்கள் யாருமில்லை. பார்த்ததெல்லாம் அடுத்த வெயில் காலத்தின் தொடக்கத்தில், ஊர்க்கோடியில் மண் தரை உள்ள ஒரு வீட்டுக்குச் சாமான்கள் போனதைத்தான். தையல் இயந்திரத்தை இரண்டு பேர் மூச்சு வாங்க இறக்கிச் சின்ன லாரியில் ஏற்றினார்கள். வண்டியை வேறு ஆள் ஓட்ட, நடுவில் உட்கார்ந்த டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் டெய்லரம்மா, மடியில் ஒரு பெயின்ட் டப்பா, அதில் இந்தப் பருவத்துக்கென்று முளைத்திருந்த வெள்ளரி. வண்டி தெருமுனையில் திரும்பியபோது கொடியின் நுனி ஜன்னலுக்கு வெளியே நீண்டு, பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று காற்றைத் துழாவிக்கொண்டே போனது.